குளத்துல மீன் மெதந்த அன்னைக்கு

போன வைகாசியில ஒரு நாள் காலையில அஞ்சே முக்காலுக்கு சித்தப்பா போன் பண்ணாரு. எடுத்ததும் "ஏட்டி, குளத்துல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கு, எவனோ மருந்தக் கலக்கிட்டான்னு நெனைக்கேன், நீ கொஞ்சம் வந்து பாரு"ன்னு ஒரே மூச்சுல சொன்னாரு. குரல் நடுங்குச்சு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல, அன்னைக்குத்தான் அழுதிருவாரோன்னு பயந்துட்டேன்.

எங்க ஊரு திருநெல்வேலி மாவட்டத்துல பத்தமடை பக்கம். தாமிரபரணியில இருந்து பிரியுற கன்னடியன் கால்வாய்த் தண்ணி வந்து விழுற குளம், அதுல மீன் வளத்துப் பிடிக்கற மீன்பாசி குத்தகை மூணு வருசமா சித்தப்பா கையிலதான் இருக்கு. சித்தி நகையை வச்சு எடுத்த குத்தகை. நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கேன், எம்எஸ்சியில மீனோட உடலியல்லதான் புராஜெக்ட் பண்ணேன், அதனால எங்க குடும்பத்துல மீனுக்கு என்ன ஆனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

நான் போறப்ப கரையில இருவது பேர் கூடி நின்னாங்க. முந்தின நாள் சாயங்காலம் குளத்துக்குக் கீழ வயல் வச்சிருக்கவரு மருந்து அடிச்சிருக்காரு, அதனால எல்லார் கண்ணும் அவரு மேல. ரெண்டு பயலுக அவரு வீட்டுக்கே போயிரலாம்னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நின்னாங்க. ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்கன்னு சொல்லிட்டு மடைப்பக்கம் இறங்கிப் பாத்தேன்.

செத்து மெதந்தது பூராவும் பெரிய மீனு. ஒரு கிலோவை நெருங்கின கட்லா, கொஞ்சம் ரோகு. வாய் முழுசா திறந்து கெடக்கு, செவுள் மூடி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கு, கடைசி நேரத்துல எம்புட்டு தண்ணியை இழுக்க முடியுமோ அம்புட்டையும் இழுத்துப் பாத்திருக்கு. விரல் நீளக் குஞ்சுக இன்னும் சாகல, தண்ணி மட்டத்தோட ஒட்டிக்கிட்டு வாயை மட்டும் மேல நீட்டி சப்பு சப்புன்னு அடிச்சிக்கிட்டு நின்னுச்சு, அந்தச் சத்தம் கரையில நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு. ஆகாயத்தாமரை ஓரத்துல ஒரு விரால் மட்டும் மேல வந்து ஒரு வாய்க் காத்தை வாங்கிட்டு அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு.

அந்த விராலைப் பாத்ததும் எனக்கு விசயம் முக்கால்வாசி புரிஞ்சிருச்சு. மருந்துல செத்தா பெருசு சின்னதுன்னு பாக்காது, பெரும்பாலும் குஞ்சுதான் முதல்ல போகும், விராலும் தப்பிக்காது. ஆக்சிஜன் இல்லாம செத்தா தலைகீழ், பெரிய மீனுக்குத் தேவை அதிகம் அதனால அது முதல்ல விழும், குஞ்சு மேல்மட்டத்துல காத்து படுற அந்த மெல்லிசான தண்ணியை உறிஞ்சிக் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும், விரால் நேரா காத்தையே மூச்சு விடுறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதோட நேரத்தையும் பாக்கணும். விடிகாலையிலதான் மெதந்திருக்கு. அதுக்கு முந்தி ரெண்டு நாளா வானம் மூடிக் கெடந்துச்சு, லேசா கோடை மழைத் தூத்தல் வேற.

"மருந்து இல்ல சித்தப்பா, மூச்சு முட்டிச் செத்திருக்கு"ன்னு சொன்னேன். "தண்ணிக்குள்ள கெடக்க மீனுக்கு எப்படிட்டி மூச்சு முட்டும்"னு கேட்டாரு. அன்னைக்கு அவருகிட்ட ஒழுங்கா பதில் சொல்ல முடியல, செத்த மீனை அள்ளுற வேலை இருந்துச்சு. இப்ப அவருக்கும் சேத்துத்தான் இதை எழுதுதேன்.

ஒரு லிட்டர் காத்துல 210 மில்லி ஆக்சிஜன் இருக்கு. ஒரு லிட்டர் தண்ணியில நல்லா கரைஞ்சிருந்தாக்கூட அஞ்சாறு மில்லிதான். அதுலயும் தண்ணி சூடாக சூடாக கரையுற அளவு குறையும், 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும்னா 30 டிகிரியில ஏழரைதான் நிக்கும். ஆனா சூடு கூடுனா மீனோட உடம்பு வேகமா ஓடும், 10 டிகிரி ஏறினா தேவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதாவது நம்ம சித்திரை வைகாசியில குளம் இடுப்பளவுக்கு வத்திக் கெடக்கும்போது வரவு குறையுது, செலவு கூடுது. தண்ணி காத்தை விட 800 மடங்கு கனம் வேற, அதை வாய் வழியா இழுத்து செவுள் வழியா தள்ளுறதே பெரிய வேலை, அதுக்கு மட்டும் மீன் தன்னோட சக்தியில பத்து சதவீதம் பக்கம் செலவு பண்ணுது, நாம மூச்சு விட ஒண்ணு ரெண்டு சதவீதம் செலவு பண்ணா பெருசு.

இவ்வளவு கஷ்டத்தையும் மீன் சமாளிக்கறது செவுளாலதான். பாளையங்கோட்டை மார்க்கெட்ல மீன் வாங்கறப்ப மூடியைத் தூக்கிச் செவப்பா இருக்கான்னு பாக்கோம்ல, அதோட நிறுத்திராம ஒரு தடவை வீட்டுல ஒரு கட்லாத் தலையை எடுத்து ஒரு பக்கத்துச் செவுளை மட்டும் கத்தரிச்சு ஒரு வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி அதுல போட்டுப் பாருங்க. பக்கத்துக்கு நாலு வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் சீப்புப் பல்லு மாதிரி ரெண்டு வரிசை, தண்ணியில போட்டதும் மயில் இறகு மாதிரி விரியும். லென்ஸ் வச்சுப் பாத்தா ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு பக்கமும் மெல்லிசுத் தகடு தகடா அடுக்கி இருக்கும். அந்தத் தகட்டுக்குள்ளதான் ரத்தம் ஓடுது, ரத்தத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கற தோல் நம்ம தலைமுடியோட கனத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. ரத்தம் ஒரு திசையில ஓடும், தண்ணி அதுக்கு எதிர்த் திசையில ஓடும், அதனால தகட்டோட கடைசி நுனி வரைக்கும் தண்ணியில இருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்கு ஏறிக்கிட்டே இருக்கும். இதை முதல் தடவை கிளாஸ்ல படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, இவ்வளவு அழகா ஒண்ணை நாம குழம்புல போடறதுக்கு முன்னாடி பிச்சித் தூர எறியுதோமேன்னு இருந்துச்சு.

அந்த மெல்லிசுதான் அதுக்குப் பலம், அதுதான் ஆபத்தும். நம்ம நுரையீரல் நெஞ்சுக்கூட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. மீனோட நுரையீரல் வெளிய, நாம என்னத்தைக் கொட்டினாலும் நேரா அது மேல படுற மாதிரி இருக்கு. சோப்புத் தண்ணி, சாயம், சாக்கடை, மருந்து எதுவா இருந்தாலும் முதல்ல தொடுறது செவுளைத்தான். புராஜெக்ட் பண்ணப்ப கெட்ட தண்ணியில இருந்த மீனோட செவுளை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்திருக்கேன், அடுக்கடுக்கா தனித்தனியா நிக்க வேண்டிய தகடுகள்ல மேல்தோல் கொப்புளம் மாதிரி எழும்பி நிக்கும், சில இடத்துல செல்லு பெருகிப் பெருகி பக்கத்துத் தகடோட ஒட்டிப் போயிருக்கும். விஷம் உள்ள வராம தடுக்க உடம்பு எடுக்கற முயற்சி அது. ஆனா தோல் கனத்துட்டா விஷம் வர்றது குறையுற மாதிரியே ஆக்சிஜனும் வராது. கதவைச் சாத்தி உள்ள மூச்சு முட்டுற கதைதான்.

இனி குளத்துக்கு வாரேன். எங்க குளத்துக்கு மேல பத்து வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் வயக்காடு, இப்ப பிளாட்டு. வீடுக வந்துச்சு, சாக்கடைக்கு வழி இல்ல, வாய்க்காலுக்குத் திருப்பி விட்டாச்சு. குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, கக்கூஸ் தொட்டி நிறைஞ்ச தண்ணி எல்லாம் சேந்து குளத்துக்குத்தான் வருது. அது பாசிக்கு உரம். தண்ணி பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆயிருச்சு, கையை முழங்கை வரை விட்டா விரல் தெரியாது. பகல்ல வெயில்ல அந்தப் பாசி ஆக்சிஜனை அள்ளி விடும், ராத்திரி ஆனா அதே பாசி மீனோட போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும், கூடவே அடியில அழுகுற சகதியும் இழுக்கும். ரெண்டு நாள் மேகம் மூடினா பகல் வரவும் நின்னு போகும். மூணாம் நாள் விடியறதுக்கு முன்னாடி கஜானா காலி.

அன்னைக்கு மத்தியானம் சித்தப்பா ஒரு தண்ணி பாட்டில்ல குளத்துத் தண்ணியைப் பிடிச்சு டவுனுக்குப் போய் ஒரு ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தாரு. அவங்க ஒரு வாரம் கழிச்சு தண்ணியில பெருசா கோளாறு இல்லைன்னு சொல்லிட்டாங்க. மத்தியானம் வெயில் வந்து பாசி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்ச பெறவு எடுத்த தண்ணி, அதுவும் பாதி பாட்டில், பஸ்ல குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கு, அதுல விடிகாலை நிலவரம் எப்படித் தெரியும். எந்த நேரத்துல எடுத்ததுன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தாங்கன்னா போதும். அது எனக்கு இப்பவும் ஆறல.

அந்த முடிவு வர்ற வரைக்கும் நான் காத்திருக்கல, மீன் மெதந்த மறுநாளே நானே எடுத்தேன். பாளையங்கோட்டையில ரிசர்ச் பண்ற பிரண்டுகிட்ட சொல்லி மூடி போட்ட கண்ணாடி பாட்டிலும் ரெண்டு ரசாயனமும் ராத்திரியே வாங்கி வச்சிட்டு, அஞ்சு மணிக்கு டார்ச் லைட்டோட நானும் சித்தப்பாவும் இறங்கினோம். தண்ணி அப்பவே 31 டிகிரி. பாட்டில்ல காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம தண்ணியைத் ததும்ப நிரப்பணும், மாங்கனீஸ் சல்பேட் கொஞ்சம், அயோடைடு கலந்த காரக் கரைசல் கொஞ்சம் பாட்டிலுக்குள்ள அடியில விடணும், மூடிட்டு தலைகீழா ரெண்டு மூணு தடவை புரட்டணும். ஆக்சிஜன் இருந்தா உள்ள பழுப்பு நிறத்துல மேகம் மாதிரி திரளும், எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்கு அடர் பழுப்பு. ஆக்சிஜன் இல்லைன்னா வெள்ளையாத் திரளும். வின்க்ளர் முறைன்னு சொல்லுவாங்க, 1888ல வந்தது, இன்னைக்கும் இதுதான் அடிப்படை.

டார்ச் வெளிச்சத்துல புரட்டினேன். வெள்ளை. பால்ல எலுமிச்சை விட்ட மாதிரி சுத்த வெள்ளையா இறங்குச்சு. காலேஜ்ல நூறு தடவை செஞ்சிருக்கேன், பழுப்பு வராம நான் பாத்ததே இல்ல. சித்தப்பா "என்னட்டி, வெள்ளையா இருக்கே, நல்லதா"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல நாக்கு எழும்பல.

முன்னாடி நடந்த ஒண்ணு அப்பத்தான் எனக்கு உறைச்சது. அதுக்கு முந்தின வருசமே சித்தப்பா புலம்பினாரு, தீவனம் போட்டும் எட்டு மாசத்துல கட்லா முக்கா கிலோ தாண்டலைன்னு. குஞ்சு தரம் சரியில்லைன்னு அவரு நெனைச்சாரு, நானும் அப்படித்தான் தலையாட்டினேன். அன்னைக்கே மீன் சொல்லியிருக்கு, எங்களுக்குத்தான் கேக்கல. மீன் செத்து மெதக்குறது கடைசியில நடக்கற விசயம். அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே அது உடம்புக்குள்ள தோத்துக்கிட்டு வந்திருக்கும்.

எப்படின்னா, மீனுக்கும் நம்மளை மாதிரியே பயம், நெருக்கடின்னா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். நமக்கு கிட்னி மேல தனியா அட்ரினல் சுரப்பி இருக்கு, மீனுக்கு அப்படித் தனியா கெடையாது, தலைக்குப் பின்னால இருக்கற கிட்னியோட முன்பகுதியில அந்தச் செல்லு எல்லாம் பரவி இருக்கும். மூளை உத்தரவு போட்டா நிமிசக் கணக்குல கார்டிசால் ரத்தத்துல ஏறும், சேத்து வச்ச சக்தியை எல்லாம் குளுக்கோஸா மாத்தி தசைக்கு அனுப்பும், ஓடித் தப்பிக்க. கொக்கு துரத்துச்சுன்னா இது நல்ல ஏற்பாடு, ரெண்டு மணி நேரத்துல எல்லாம் பழைய நிலைக்கு வந்துரும். ஆனா தினமும் விடிகாலை மூச்சு முட்டுனா, மத்தியானம் வேற ஒரு தொந்தரவு வந்தா, அந்த உத்தரவு நிக்கவே நிக்காது. தின்ன தீவனம் சதை ஆகாது. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறையும். முட்டை சரியா முத்தாது, சில சமயம் வயித்துக்குள்ளயே கரைஞ்சு போகும். வெளிய பாத்தா மீன் நீந்திக்கிட்டுத்தான் இருக்கும்.

மத்தியானத் தொந்தரவுன்னு சொன்னேன்ல, அது அமோனியா. மீன் தன்னோட கழிவை நம்மளை மாதிரி யூரியாவா மாத்துறதில்ல, பெரும்பாலும் அமோனியாவாவே செவுள் வழியா தண்ணியில விட்டுரும். தண்ணியில ஏற்கனவே சாக்கடை அமோனியா நெறைய இருந்தா அது எப்படி வெளிய போகும்? இதுல இன்னொரு சிக்கல், தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற பிஎச் அளவு 7ல இருந்தா மொத்த அமோனியாவுல விஷமான பங்கு நூத்துல ஒண்ணு பக்கம்தான். 9க்கு ஏறிருச்சுன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல விஷமாயிரும். பச்சைக் குளத்துல பாசி பகல் முழுக்க கார்பன் டை ஆக்சைடை இழுக்கறதால மத்தியானம் பிஎச் சர்வ சாதாரணமா 9ஐத் தொடும். விடிகாலையில மூச்சு இல்ல, மத்தியானம் விஷம். ஒரு நாள்ல மீனுக்கு நிம்மதியா கெடைக்கறது எத்தனை மணி நேரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

உப்பு விசயமும் சொல்லணும், ஏன்னா இதை மீன்காரங்க என்னை விட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. மீன் குஞ்சு வாங்கிட்டு வாரப்ப, முந்தின நாளே அதைப் பட்டினி போட்டிருவாங்க, அப்பத்தான் பைக்குள்ள கழிவு சேராது. பெரிய மீனை டிரம்ல உயிரோட கொண்டு வாரவங்க ஒரு கை கல்லுப்பு போடுவாங்க. எதுக்குன்னு கேட்டா "மீனு தெம்பா இருக்கும்"னுதான் சொல்லுவாங்க. உண்மைதான். நன்னீர் மீனோட ரத்தத்துல உப்பு இருக்கு, சுத்தி இருக்கற தண்ணியில கிட்டத்தட்ட இல்ல. அதனால தண்ணி எந்நேரமும் செவுள் வழியா உடம்புக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், உப்பு வெளிய கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மீன் தண்ணி குடிக்கறதே ரொம்பக் கம்மி, மூத்திரம்தான் நிக்காம போகும், போன உப்பைச் செவுள்ல இருக்கற தனிச் செல்லுக தண்ணியில இருந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கி உள்ள எடுக்கும். பயந்த மீன் ஆக்சிஜனுக்காக செவுளுக்கு ரத்தத்தைக் கூடுதலா அனுப்பும், அனுப்புனா உப்பு இன்னும் வேகமாக் கசியும். மூச்சுக்காகத் திறந்தா உப்பு போகுது, உப்புக்காக மூடுனா மூச்சு போகுது. டிரம்ல போடுற அந்த ஒரு கை உப்பு, இந்த இழுபறியைக் கொஞ்சம் தணிக்குது. செம்பும் வெள்ளியும் தண்ணியில கலந்தா சோடியத்தைப் பொறுக்குற வேலை நிக்கும், துத்தநாகமும் காட்மியமும் கால்சியத்தைப் பொறுக்குற வேலையைக் கெடுக்கும், அந்த மாதிரி தண்ணியில மீன் மூச்சு முட்டாமலே உப்பு வத்திச் சாகும்.

வயல் மருந்து பத்தி. அன்னைக்கு அந்த வயக்காரரு மேல தப்பு இல்லைன்னு நான் சொன்னேன், ஆனா மருந்தால மீனுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிசான நெல்லுல குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் அடிச்ச மருந்து மழை பெஞ்சா வடிகால் வழியா வாய்க்காலுக்கும் கீழ்க்குளத்துக்கும்தான் போகுது. குளோர்பைரிபாஸ் மாதிரி பாஸ்பரஸ் மருந்துக நரம்புல ஒரு என்சைமை முடக்கும். ஒரு நரம்பு அடுத்ததுக்குச் செய்தி சொன்ன பெறவு அந்தச் செய்தியை அழிக்கற என்சைம் அது. அழிக்க ஆள் இல்லைன்னா தசை விடாம துடிக்கும், மீன் வளைஞ்சு வளைஞ்சு சுத்தும். சாகற அளவு இல்லாம கொஞ்சமா பட்டாக்கூட வாரக்கணக்குல அந்த என்சைம் பழைய அளவுக்கு வராது, அதுக்குள்ள நீச்சல் மந்தமாயிரும், கொக்கு வர்றது தெரிஞ்சும் வெலக முடியாது. அப்படிப் போன மீனை யாரும் மருந்துல செத்த கணக்குல எழுத மாட்டாங்க.

ஐப்பசி கார்த்திகையில விரால் மேல செவப்பா வட்டமா புண்ணு வரும், பாத்திருப்பீங்க, சந்தையில ஒதுக்கிப் போட்டிருப்பாங்க. அது ஒரு பூஞ்சை மாதிரி கிருமியால வருது, இந்தியாவுக்குள்ள 1988ல வந்தது. ஆனா அந்தக் கிருமி நல்ல தோலைத் துளைச்சுக்கிட்டு வர்றது கஷ்டம், மழைத்தண்ணி இறங்கி குளம் குளுந்து தண்ணியோட தன்மை மாறி தோல் வழவழப்புப் போய் உடம்பும் தளந்து கெடக்கும்போதுதான் ஏறும். சோப்புத் தண்ணியும் அந்த வழவழப்பைத்தான் முதல்ல எடுக்கும்.

தாமிரபரணி ஆத்தைப் பத்தி எழுதாம முடிக்க மனசு வரல. பாவநாசம் கோயில் படித்துறையில பொரி போட்டா மீனு கூட்டங்கூட்டமா வந்து கால்ல இடிக்கும், சின்ன வயசுல ஆச்சி என்னை அங்கதான் உக்கார வைப்பா, மீனு சாமி பிள்ளைக, பிடிக்கக் கூடாதுன்னு சொல்லுவா. அந்தப் படித்துறையிலதான் இன்னைக்கு கும்பிட வர்றவங்க குளிச்சிட்டு உடுத்த துணியை ஆத்துலயே விட்டுட்டுப் போறாங்க, துணி பாறையில சுத்தி அழுகிக் கெடக்கு. பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருற வரைக்கும் 128 கிலோமீட்டருக்குப் பக்கம்தான் தாமிரபரணி, முழுக்க நம்ம சீமைக்குள்ளயே ஓடுற ஆறு. இந்த ஆத்துப் பேரையே பேரா வச்சிருக்கற ஒரு கெண்டை இருக்கு, டாகின்சியா தாம்பிரபரணியைன்னு அதோட அறிவியல் பேரு. முதுகுத் துடுப்புல நூல் நூலா நீண்டிருக்கும், உடம்புல கருப்புத் திட்டு. இ.ஜி. சைலஸ்னு ஒரு விஞ்ஞானி 1950கள்ல அதை முதல்ல எழுதினாரு. உலகத்துல வேற எங்கயும் கெடையாது, இங்க மட்டும்தான். விராலு மாதிரி காத்தை முழுங்கத் தெரியாது அதுக்கு, ஓடுற தெளிஞ்ச தண்ணிதான் வேணும்.

இங்கதான் நாம ஏமாந்து போறோம். "டவுன் பக்கம் சாக்கடை கலக்குற எடத்துல கூட மீனு துள்ளுதே, தண்ணி நல்லாத்தானே இருக்கு"ன்னு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். எந்த மீனு துள்ளுதுன்னு பாக்கணும். விராலுக்கு தலைக்குள்ள காத்தறை இருக்கு. பனையேறிக் கெண்டைக்கு செவுளுக்கு மேல சுருள் சுருளா தனி உறுப்பு இருக்கு, டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் ஆபீசர் 1791ல தரங்கம்பாடியில அது பனைமரத்துல ஏறி நின்னதைப் பாத்ததா எழுதி வச்சிருக்காரு. ஜிலேபிக் கெண்டை கம்மியான ஆக்சிஜனைத் தாங்கும். 2000ல இருந்து தடை இருந்தும் கள்ளத்தனமா வளக்குற ஆப்பிரிக்கக் கெளுத்தி எதையும் தாங்கும். இந்த நாலும் மட்டும் ஒரு எடத்துல துள்ளுதுன்னா, மத்ததெல்லாம் போயிருச்சுன்னு அர்த்தம்.

அதோட, செவுள்லயோ தோல்லயோ ஒண்ணுமே தெரியாம நடக்கற கேடும் இருக்கு. கனடாவுல ஒரு ஏரியை ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கி 2001ல இருந்து 2003 வரைக்கும் கருத்தடை மாத்திரையில இருக்கற ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுல கலந்து பாத்தாங்க. ஒரு நானோகிராம்னா ஒரு கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு. ஆண் மீனோட உடம்பு முட்டை மஞ்சக்கருவுக்கான புரதத்தைச் செய்ய ஆரம்பிச்சிருச்சு, அந்த ஏரியில இருந்த சின்ன மீன் இனம் ஒண்ணு கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, அதுல ஒரு மீன்கூட விஷம் தின்னு மெதக்கல. முடிவு 2007ல வெளிய வந்துச்சு. கலக்கறதை நிறுத்தின சில வருசத்துல அந்த மீன் திரும்பவும் பெருகுச்சு. எந்த ஊரு சாக்கடையிலயும் மனுசன் உடம்புல இருந்து போற ஹார்மோன் இருக்கும், அதை நெனைச்சுக்கிட்டே இந்தச் செய்தியோட கடைசி வரியை நான் ரொம்பத் தடவை படிச்சிருக்கேன்.

எங்க குளத்துக்கு நாங்க செஞ்சது கொஞ்சம்தான். பாசி வளரட்டும்னு குளத்துல சாணி போடறதை அன்னையோட நிறுத்தினோம். தீவனம் பாதியாக் குறைச்சோம். வயல் மோட்டாரைக் கொண்டாந்து ராத்திரி ரெண்டு மணியில இருந்து விடியற வரைக்கும் குளத்துத் தண்ணியையே எடுத்து உயரத்துல இருந்து அடிச்சு விட்டோம், சித்தப்பா பதினாறு ராத்திரி கரையிலயே படுத்தாரு. ஆகாயத்தாமரையை ஊரு பிள்ளைக சேந்து இழுத்துப் போட்டாங்க, அன்னைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டுன அந்த ரெண்டு பயலுகளும்தான் இடுப்பளவு தண்ணியில முன்னால நின்னாங்க. வாய்க்கால்ல விழுற சாக்கடைக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கல, மனு குடுத்திருக்கோம், திரும்பத் திரும்பக் குடுப்போம்.

ஆனிக் கடைசியில கால்வாய்த் தண்ணி வந்துச்சு. ரெண்டு வாரம் விட்டு ஒரு விடிகாலை திரும்பவும் பாட்டிலோட இறங்கினேன். புரட்டினதும் பழுப்பு வந்துச்சு, அடர்த்தியா இல்ல, பால் கூடுதலா விட்ட டீ நிறம். வீட்டுக்கு வந்து கணக்குப் பாத்தப்ப லிட்டருக்கு 3.8 மில்லிகிராம். கட்லா நிம்மதியா இருக்க 5 வேணும். சித்தப்பா அதுக்குள்ள வீச்சு வலை போட்டு ஒரு கட்லாவைப் பிடிச்சு கையில வச்சிருந்தாரு, போன வருசம் விட்ட குஞ்சு, வைகாசியில தப்பிப் பொழைச்சது. மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுக் காட்டினாரு. செவப்பு வந்திருக்கு, ஆனா நுனியெல்லாம் இன்னும் வெளுத்துத்தான் கெடக்கு, கொஞ்சம் கொழகொழன்னு ஒட்டியும் இருக்கு.

"இது ஆறுமாட்டி?"ன்னு கேட்டாரு.

"தண்ணி இப்படியே இருந்தா ஆறும் சித்தப்பா, செவுள் திரும்ப வளரும்"னு சொன்னேன்.

ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் இருக்கும், நல்ல விலை போயிருக்கும். அவரு ஒண்ணும் பேசல, குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டு, அது தானா வாலை ஆட்டிக் கிளம்புற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னாரு.